பினாங்கில் கண்டெய்னர் லோரி ஓட்ட நினைக்கும் பெண்களுக்கு: லைசென்ஸ் முதல் முதல் சம்பளம் வரை

நான் பாகான் டாலாமில் இருக்கிறேன். பிறையில் ஒரு தொழிற்சாலையில் பதினொரு வருடம் ஆபரேட்டராக இருந்துவிட்டு, இப்போது பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் இழுக்கிறேன். லோரி ஓட்டக் கற்றுக்கொள்வதில் எனக்குப் பெரிய கஷ்டம் இல்லை. எதை முதலில் செய்வது, எங்கே பணம் கட்டுவது, யாரிடம் என்ன கேட்பது என்று சொல்லித்தர ஆளில்லாமல்தான் எட்டு மாதத்தையும் கிட்டத்தட்ட 2,000 வெள்ளியையும் (ரிங்கிட்) இழந்தேன். அந்த இழப்பு உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, நான் செய்திருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

1. எந்த வண்டி என்று முடிவு செய்துவிட்டு லைசென்ஸைத் தேடுங்கள்

நான் விழுந்த குழி இதுதான். "லோரி லைசென்ஸ் எடுக்கணும்" என்று ஒரு ஏஜெண்டிடம் சொன்னேன். அவர் ஈ1 வகுப்பில் சேர்த்துவிட்டார். படித்தேன், பாஸானேன், கையில் லைசென்ஸோடு ஒரு கண்டெய்னர் கம்பெனிக்குப் போனேன். அங்கே இருந்த அண்ணன் கார்டைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது ட்ரெய்லருக்கு ஆகாதே" என்றார். தலையும் உடலும் ஒன்றாக இருக்கும் லோரிக்குத்தான் ஈ1. ப்ரைம் மூவர் என்ற இழுக்கும் தலையைப் பூட்டி 20 அடி, 40 அடி கண்டெய்னர் இழுக்க முழு ஈ வேண்டும். ஈ2 இன்னும் சிறிய லோரிகளுக்கானது.

ஆகவே முதலில் வேலையை முடிவு செய்யுங்கள். ஊருக்குள் கடைகளுக்குச் சாமான் இறக்கும் லோரியா, துறைமுக ட்ரெய்லரா? சாமான் லோரி என்றால் பெரும்பாலும் இரவுக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம், ஆனால் தூக்கி இறக்கும் வேலை அதிகம். ட்ரெய்லரில் தூக்கும் வேலை குறைவு, காத்திருக்கும் நேரமும் தூரப் பயணமும் அதிகம். உடல் பலம் போதுமா என்று பயப்படும் பெண்கள் பலர் சின்ன லோரியே சுலபம் என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் ட்ரெய்லர்தான் உடம்புக்கு இலகு.

அடுத்து, உங்களிடம் இப்போது இருக்கும் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள். முழு ஈ எடுக்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். காருக்கான டி லைசென்ஸ் இருக்க வேண்டும், பி ஸ்டிக்கர் ஒட்டும் இரண்டு வருடக் காலமும் முடிந்து முழு லைசென்ஸாக மாற்றியிருக்க வேண்டும். நம் பெண்களில் பலர் ஆட்டோ கியர் காருக்கான டிஏ எடுத்தவர்கள். உங்கள் கார்டில் டிஏ என்று இருந்தால், ஒரு காசு கட்டுவதற்கு முன் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) கவுண்டரில் காட்டி, "இதை வைத்து ஈ எடுக்க முடியுமா, முதலில் டி எடுக்க வேண்டுமா?" என்று நேராகக் கேளுங்கள். இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் செபராங் ஜெயா கிளை வசதி. காலையில் கவுண்டர் திறக்கும்போதே போய்விடுங்கள்.

2. பணம் கட்டும் முன் உடம்பைப் பரிசோதியுங்கள்

சரக்கு லோரி ஓட்டிச் சம்பாதிக்க ஈ மட்டும் போதாது, ஜிடிஎல் என்ற தொழில் லைசென்ஸும் வேண்டும். அதற்கு டாக்டர் கையெழுத்திட்ட மருத்துவப் பாரம் கொடுக்க வேண்டும். எல்8ஏ பாரம் என்றால் கிளினிக்கில் தெரியும். கண் பார்வை, நிறம் பிரித்துப் பார்ப்பது, ரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு ஏதும் உண்டா என்றெல்லாம் பார்ப்பார்கள்.

நம் குடும்பங்களில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும். என்னோடு பயிற்சிக்கு வந்த ஓர் அக்கா, முழுக் கட்டணத்தையும் கட்டி, பாதிப் பயிற்சி முடிந்த பிறகு மருத்துவப் பரிசோதனைக்குப் போனார். ரத்த அழுத்தம் மிக அதிகம். மருந்து எடுத்து, அழுத்தம் இறங்கி, டாக்டர் கையெழுத்துப் போட இரண்டு மாதம் ஆனது. அதற்குள் பயிற்சி லைசென்ஸின் தவணை முடிந்து, மறுபடியும் பணம் கட்டினார். முதலிலேயே அரசு கிளினிக்குக்குப் போய் சர்க்கரையும் அழுத்தமும் பார்த்திருந்தால் ஒரு காலை நேரத்தோடு முடிந்திருக்கும்.

கண்ணாடி போடுபவர்கள் புதிய பவரில் கண்ணாடி செய்துகொண்டு போங்கள்.

3. பள்ளியில் எதை எழுத்தில் வாங்குவது

ஏஜெண்ட் வேண்டாம். பயிற்சிப் பள்ளிக்கே நேரில் போங்கள். "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று வாயால் சொல்லும் பேக்கேஜை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ரசீதிலோ தனித் தாளிலோ கீழே சொல்பவை எழுத்தில் வர வேண்டும்.

ஈ என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ஜிடிஎல் வகுப்பு அதில் சேர்ந்ததா, தனியா? வண்டியில் உட்கார்ந்து ஓட்டும் நேரம் எத்தனை மணி? ஒரு வண்டிக்கு எத்தனை பேர்? டெஸ்டில் தவறினால் மறுதேர்வுக்கு எவ்வளவு? டெஸ்டுக்கு அதே வண்டியைத்தான் தருவார்களா?

இதில் எத்தனை மணி என்ற கேள்விதான் முக்கியம். ஒரே வண்டிக்கு ஆறு பேர் இருந்தால், காலை முழுவதும் வெயிலில் நின்றுவிட்டு இருபது நிமிடம்தான் ஸ்டியரிங் பிடிப்பீர்கள். என் முதல் பள்ளியில் அப்படித்தான் நடந்தது. இரண்டாவது பள்ளியில், "பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லி, மைதானத்து ஓரத்தில் இரண்டு மணிநேரம் உட்கார்ந்து எண்ணினேன். யார் எத்தனை முறை ஏறினார்கள், பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தாரா, போனில் இருந்தாரா என்று பார்த்த பிறகுதான் சேர்ந்தேன்.

பெண்கள் கழிப்பறை எங்கே என்பதையும் அன்றே பாருங்கள். கூச்சப்படும் விஷயம் இல்லை இது. கழிப்பறை இல்லாத இடத்தில் தண்ணீர் குடிக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்று வந்து, வகுப்பை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

4. பயிற்சியில் எதற்கு நேரம் ஒதுக்குவது

முன்னால் ஓட்டுவது ஒரு வாரத்தில் வந்துவிடும். பின்னால் எடுப்பதுதான் ஆளை அழவைக்கும். காரில் பழகிய கை ட்ரெய்லரில் எதிராக வேலை செய்கிறது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் ட்ரெய்லரின் வால் வலப்பக்கம் போகும். மூன்று நாள் நான் திண்டாடினேன். பிறகு ஒரு வயதான பயிற்சியாளர் வந்து, "மா, கையை ஸ்டியரிங்குக்குக் கீழே வை. வால் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையைத் தள்ளு" என்றார். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் ஒரு கையை வைத்து, வலப்பக்கம் போக வேண்டுமென்றால் வலப்பக்கம் மெல்லத் தள்ளினேன். வால் சொன்னபடி போனது. கொஞ்சம் தள்ளுங்கள், உடனே நேராக்குங்கள், கண்ணாடி இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் நிறுத்தி, இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஏறுங்கள். இறங்கிப் பார்ப்பதைக் கேலி செய்பவர்கள் இருப்பார்கள். இத்தனை வருடம் கழித்தும் நான் இறங்கித்தான் பார்க்கிறேன்.

அடுத்தது பூட்டுவதும் கழற்றுவதும். டெஸ்டுக்கு வேண்டிய அளவோடு பல பள்ளிகள் நிறுத்திக்கொள்கின்றன. நீங்கள் கேட்டுப் படியுங்கள். தலையை மெதுவாகப் பின்னால் எடுத்து ட்ரெய்லருக்கு அடியில் விடும்போது "டக்" என்று பூட்டு விழும் சத்தம் கேட்கும். சத்தத்தை மட்டும் நம்பக் கூடாது. டார்ச் அடித்து, பூட்டின் தாடை ட்ரெய்லர் ஊசியைச் சுற்றி முழுவதும் மூடியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு காற்றுக் குழாய்கள், மின் கேபிள். ட்ரெய்லர் பிரேக் பிடித்திருக்கும்போதே தலையை முன்னால் லேசாக இழுத்துப் பார்த்து, கழன்று வரவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் ட்ரெய்லரைத் தாங்கி நிற்கும் முன்கால்களை மேலே சுற்றுவது. கண்டெய்னரின் நான்கு மூலைப் பூட்டுகளையும் கையால் தொட்டுப் பாருங்கள். முன்கால் சுற்றும் கைப்பிடி கனமாக இருக்கும். தோளால் அழுத்தாமல் ஒரு காலை முன்வைத்து உடம்பின் எடையால் சுற்றினால் முதுகு தப்பும்.

காற்றுப் பிரேக்கையும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். காற்று அழுத்தம் ஏறும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது. இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு போனால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். கோலகங்சாருக்கும் ஈப்போவுக்கும் இடையில் மெனோரா சுரங்கப்பாதைச் சரிவுக்குப் போகும்போது இது புரியும். சரிவு தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து, எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுவிட வேண்டும்.

நான் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல். இருக்கையை முழுக்க முன்னால் தள்ளியும் கிளட்ச் எட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் கெட்டியான குஷன் வைத்துச் சரி செய்தேன். கேபினில் ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் பிடிப்பில் இருக்க வேண்டும். குதித்து இறங்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டவர்கள் நிறைய.

5. டெஸ்டும் ஜிடிஎல்லும்

டெஸ்டில் வண்டியை ஓட்டுவதற்கு முன் செய்யும் பரிசோதனைகளுக்கு மதிப்பெண் உண்டு. ஆர்பிகே (வண்டிப் பரிசோதனை), ஆர்எஸ்எம் (ஓட்டுவதற்கு முந்தைய பரிசோதனை) என்று சொல்வார்கள். டயர், எண்ணெய், விளக்கு, கண்ணாடி, இருக்கை, பெல்ட் என்று ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மலாயில் சொல்லிப் பழகுங்கள். ஈ கிடைத்ததும் ஜிடிஎல் வகுப்பு, ஒரே நாளில் முடிந்துவிடும். மைகாட் (அடையாள அட்டை), லைசென்ஸ், மருத்துவப் பாரம், படம் ஆகியவற்றை இரண்டிரண்டு நகல் எடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். சம்மன் பாக்கி இருந்தால் முன்கூட்டியே தீர்த்துவிடுங்கள், கறுப்புப் பட்டியலில் பெயர் இருந்தால் கோப்பு நகராது.

ஜிடிஎல்லுக்குத் தனிக் காலாவதித் தேதி. லைசென்ஸ் இன்னும் இருக்கிறதே என்று நினைத்து ஜிடிஎல்லை மறப்பவர்கள் பலர். மைஜேபிஜே செயலியில் இரண்டு தேதியையும் பார்த்து, போனில் ஒரு மாதம் முன்பாகவே நினைவூட்டல் வையுங்கள்.

6. எனக்கு ஆன செலவும் காலமும்

வீணாய்ப்போன ஈ1 செலவு 1,900 வெள்ளி. இரண்டாவது பள்ளியில் ஈயும் ஜிடிஎல்லும் சேர்த்து 3,800. ஒருமுறை தவறியதால் மறுதேர்வுக்கு 250. மருத்துவம் 60, பாதுகாப்புக் காலணி 120. பள்ளிக்குப் பள்ளி விலை மாறும். அதனால் குறைந்தது மூன்று இடத்தில் கேளுங்கள். சரியான வரிசையில் போனால் சேர்ந்த நாளிலிருந்து ஜிடிஎல் கையில் வர மூன்று மாதம் வைத்துக்கொள்ளலாம். வேலையை விட்டுவிட்டுப் படிக்க வேண்டாம். நான் இரவு ஷிப்டுக்கு மாறிக்கொண்டு காலையில் பயிற்சிக்குப் போனேன். தூக்கம் போதாமல்தான் முதல் டெஸ்டில் தவறினேன். ஆகவே டெஸ்டுக்கு முந்தைய இரண்டு நாள் மட்டுமாவது லீவு எடுங்கள்.

7. வேலை கேட்கும்போது

லைசென்ஸ் கிடைத்ததும் ஒன்பது கம்பெனிக்குப் போன் செய்தேன். பெண் குரல் கேட்டதும் நான்கு இடத்தில் ஆபீஸ் வேலை இல்லை என்றார்கள். ஓட்டுநர் வேலைக்கு என்றதும் ஓரிடத்தில், "வீட்டுக்காரர் சம்மதிச்சிட்டாரா?" என்று கேட்டார்கள். இன்னொரு மேலாளர், "பெண்கள் ராத்திரி வேலை செய்யச் சட்டம் விடாது" என்றார். இந்த வாக்கியத்தை நீங்களும் கேட்பீர்கள். பதிலைத் தெரிந்துகொண்டு போங்கள்: பெண்களின் இரவு வேலையைக் கட்டுப்படுத்திய பிரிவுகள் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. அது நடைமுறைக்கு வந்தது 1.1.2023. சண்டையாகச் சொல்லாமல், தகவலாகச் சொன்னேன். அவர் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்.

போன் செய்வதைவிட நேரில் போவது மேல். சொக்சோவின் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்திலும் ஓட்டுநர் வேலைகள் வரும். அனுபவம் இல்லை என்று மறுத்தால், "ஒரு மாதம் வேறொரு ஓட்டுநரோடு பக்கத்தில் உட்கார்ந்து போகிறேன், பிறகு யார்டில் ஓட்டிக் காட்டுகிறேன்" என்று கேளுங்கள். அந்த ஒரு மாதத்துக்கும் சம்பளம் உண்டு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

சாவியை வாங்குவதற்கு முன் வேலைக் கடிதம் கையில் வேண்டும். பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். "ட்ரிப்புக்கு இவ்வளவு, நீங்க ஃப்ரீலான்ஸ், அதனால சேமநிதி, சொக்சோ கிடையாது" என்பார்கள். கம்பெனி லோரி, கம்பெனி சொல்லும் நேரம், கம்பெனி சொல்லும் இடம் என்றால் நீங்கள் தொழிலாளிதான் என்று கருதச் சொல்லும் 101சி பிரிவு அதே வேலைச் சட்டத்தில் இருக்கிறது. கடிதத்தில் பாருங்கள்:

அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ட்ரிப் பணம் எவ்வளவு, துறைமுகத்தில் காத்திருக்கும் நேரத்துக்கு ஏதாவது உண்டா? ட்ரிப்புக்குத்தான் சம்பளம் என்றாலும் மாதம் குறைந்தபட்சம் 1,700 வெள்ளிக்குக் குறையக் கூடாது. சேமநிதியில் உங்கள் பங்கு 11 விழுக்காடு, 5,000 வெள்ளி வரை சம்பளம் என்றால் முதலாளி பங்கு 13 விழுக்காடு. இரண்டாவது மாதமே சேமநிதிக் கணக்கைத் திறந்து பணம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வண்டியில் கீறல் விழுந்தால் சம்பளத்தில் பிடிப்போம் என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாமல் தொழிலாளர் துறையிடம் காட்டுங்கள். எதைப் பிடிக்கலாம் என்பதற்கு 24ஆவது பிரிவு இருக்கிறது.

நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு சமயங்களில் சரக்கு லோரிகள் சாலையில் போகத் தடை வரும். அந்த நாட்களில் ட்ரிப் பணம் இல்லை. அடிப்படைச் சம்பளம் ஏன் முக்கியம் என்பது அந்த மாதத்தில் தெரியும்.

8. யார்டிலும் துறைமுகத்திலும்

முதல் நாளே கேட்க வேண்டியது துறைமுக நுழைவு பாஸ். அது கிடைக்க நாளாகும், அதுவரை ட்ரிப் கிடைக்காது. பாதுகாப்புக் காலணி கம்பெனி தந்தாலும் பெண்கள் அளவு இருக்காது, நீங்களே வாங்கி ரசீது கொடுங்கள். தளர்ந்த துப்பட்டா, தொங்கும் சங்கிலி வேண்டாம். தாலியை உள்ளே போட்டு மேல் பட்டன் போட்டுக்கொள்கிறேன்.

கழிப்பறைகளுக்கு நான் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்: எந்தக் காலி கண்டெய்னர் டிப்போவில் சுத்தமாக இருக்கும், எதில் பூட்டியிருக்கும், எந்த ஆர் அண்ட் ஆரில் (நெடுஞ்சாலை ஓய்விடம்) லோரி நிறுத்த இடம் கிடைக்கும் என்றெல்லாம். வழியில் வரும் ஒவ்வொரு நிறுத்தத்தையும் நீங்களும் எழுதி வையுங்கள். மாதவிலக்கு நாட்களுக்கு ஒரு பை கேபினிலேயே இருக்கட்டும்: மாற்று உடை, தண்ணீர் பாட்டில், குப்பைப் பை.

இரவில் தூங்க வேண்டுமென்றால் வெளிச்சமுள்ள ஆர் அண்ட் ஆரில், மற்ற லோரிகளுக்கு நடுவில் நிறுத்துங்கள். கதவைப் பூட்டி, திரையை இழுத்துவிட்டு, இருக்கும் இடத்தை வீட்டில் ஒருவருக்கு அனுப்புங்கள்.

பெரும்பாலான ஓட்டுநர்கள் உதவுவார்கள். என் முதல் வாரத்தில் பெயர் தெரியாத மூன்று பேர் எனக்குக் கை காட்டிப் பின்னால் எடுக்கச் சொல்லித் தந்திருக்கிறார்கள். எல்லை மீறுபவர்களும் இருப்பார்கள். பாலியல் தொந்தரவு பற்றிய அறிவிப்பை வேலையிடத்தில் எல்லாருக்கும் தெரியும்படி ஒட்ட வேண்டும் என்பது முதலாளியின் கடமை. அது இல்லையென்றால் கேளுங்கள். நடந்தால் தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள், வாட்சாப் செய்தியை அழிக்காதீர்கள். கம்பெனி கண்டுகொள்ளவில்லை என்றால் 2022ஆம் ஆண்டுப் பாலியல் தொந்தரவுத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த தீர்ப்பாயத்துக்குப் போகலாம், வழக்கறிஞர் தேவையில்லை. உடனடி உதவிக்கு 15999, தாலியான் காசிஹ் உதவி எண்.

9. வீடும் பிள்ளைகளும்

பயிற்சியைவிட இதற்கு அதிகத் திட்டம் வேண்டும். கப்பல் தாமதமானால் உங்கள் மாலையும் தாமதமாகும். பள்ளியிலிருந்து பிள்ளையைக் கூட்டி வர ஒருவர் போதாது, அவருக்கு முடியாவிட்டால் வர இன்னொருவர் வேண்டும். எனக்கு என் மாமியாரும், எதிர் வீட்டு ஆன்ட்டியும். ஆன்ட்டிக்கு மாதம் ஒரு தொகை கொடுக்கிறேன், அதையும் செலவில் சேர்த்துத்தான் இந்த வேலை லாபமா என்று கணக்குப் பார்த்தேன்.

தொடக்கத்தில் பாயான் லெப்பாஸ், பத்து காவான், பிறை போன்ற பக்கத்து ட்ரிப்புகளைக் கேளுங்கள். நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்க வேலைச் சட்டத்தில் இடமுண்டு. முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்.

கர்ப்பம் என்று தெரிந்தால் மறைக்காமல் எழுத்தில் சொல்லுங்கள். கர்ப்பமாக இருக்கிறார் என்பதற்காக வேலை நீக்கம் செய்யக் கூடாது. பேறுகால விடுமுறை 98 நாள்.

10. முதல் மூன்று மாதம்

ஒவ்வொரு காலையும் வண்டியைச் சுற்றி வந்து பாருங்கள். டயர், விளக்கு, காற்றுக் கசிவு. குறை இருந்தால் போனில் படம் எடுத்து மேலாளருக்கு அனுப்பிவிட்டுத்தான் கிளம்புங்கள். புஸ்பாகோம் என்ற வண்டித் தகுதிச் சோதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கடைசியாக எப்போது நடந்தது என்று கேளுங்கள். சரக்கு எடைத் தாளைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். எடை அதிகமென்றால் ஓட்டுநரும் மாட்டிக்கொள்வார்.

வேகச் சம்மன் கடைசியில் உங்கள் தலையில் விழலாம். "சீக்கிரம் வா" என்று போனில் அவசரப்படுத்துபவர் அதைக் கட்ட மாட்டார். இன்று எங்கே போனேன், எத்தனை மணிக்குக் கிளம்பினேன், எத்தனை மணிநேரம் காத்திருந்தேன், கண்டெய்னர் எண் என்ன என்று ஒரு சின்ன நோட்டில் தினமும் எழுதுங்கள். என் முதல் சம்பளத்தில் மூன்று ட்ரிப் விடுபட்டிருந்தது. நோட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். கணக்குப் பார்க்கும் பெண் ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து ஒப்பிட்டார். அடுத்த வாரமே மூன்று ட்ரிப் பணமும் வந்தது.